கடைசித் தாள் இல்லாத பதினோரு நோட்டுகள்

ஒரு நாளும் என்னோடு சண்டை போடாமலே போய்ச் சேர்ந்த என் மரகதத்துக்கு,

நீ போய் ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று வாசகர் வட்டத்துக்காரர்கள் மூன்று முறை வந்துவிட்டார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும்: 'அன்னார்' என்று தொடங்கி 'ஈடுசெய்ய இயலாத' என்று முடிவது. அது எனக்கு வராது. ஆகவே உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொள்ளட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. காப்பியைப் பூக்கவைக்கிற பூ மழை இந்த வருடம் நேரத்துக்குப் பெய்தது; காப்பி நன்றாகப் பிடித்திருக்கிறது. ஏரிக்கரையில் மேலும் இரண்டு ஓட்டல்கள் எழும்பிவிட்டன. நம் வீட்டுக்கு எதிரே, கிளியூர் ரோட்டில், எஸ்.டி.டி. பூத் திறந்திருக்கிறார்கள், அதற்குள் நின்று ஊரார் கத்துகிற கத்தலுக்கு டெலிபோன் எதற்கு என்று தெரியவில்லை. உன் எலுமிச்சைச் செடி பட்டுவிட்டது. நான் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். அளவு தெரியாமல் ஊற்றினேன் என்கிறாள், உன் டிஸ்பென்சரிக்கு வருகிற நல்லம்மா.

உன்னை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். நீ என் கணவரின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மஞ்சக்குட்டை ரோட்டில் ஓர் எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக வேலைக்குச் சேர்ந்தாய். ஓய்வு வயது தாண்டியும் அவர்கள் உன்னை விடவில்லை. உன் இடத்துக்கு மலையேறி வர ஆள் கிடைக்கவில்லை. ஒரு நாவல் எழுதினாய். ஒன்றே ஒன்று என்றுதான் போன வருடம் வரை நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பது வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, எழுபதுகளின் கடைசியில் உன் அண்ணனோடு இந்த மலைக்கு வந்தேன். வீடு கட்டி ஒரு வருடம்கூட அவர் அதில் இருக்கவில்லை. அப்புறம் நீயும் நானும் ஒரு சமையலறையும் என்று ஆயிற்று. உன் பெட்டியில் ஒன்பது நாவல்கள் இருந்தன. ஒன்றும் முப்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. உயிரோடு இருந்தபோது உன் அண்ணன் உன்னைக் கேலி செய்வாரே, நினைவிருக்கிறதா? "உன் கதைக்கெல்லாம் தலை இருக்குது கண்ணு, காலைத்தான் காணோம்." நீ சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவாய்.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. ஒரு வேலையின் முடிவு எங்கே என்று தெரியாமல் அதில் கால் வைக்கிறவர்களை எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. பாடத்திட்டம் என்றால் மார்ச்சுக்குள் முடிய வேண்டும். மொகலாயர்கள் எவ்வளவு பெரிய ஆட்களாக இருந்தாலும் ஜனவரிக்குள் ஒழிந்தாக வேண்டும். அப்படித்தான் முப்பது வருடம் சாம்ராஜ்யங்களை முடித்துவைத்தேன். உன் நாவல் ஒரு பொருட்டா என்று நினைத்தேன்.

காப்பி பூத்திருந்த ஒரு காலை அது. கடைத்தெருவில் இருநூறு பக்க நீள நோட்டு ஒன்று வாங்கி வந்து உன் முன்னால் போட்டேன். கடைசிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். நடுவில் 'முற்றும்' என்று எழுது என்றேன். நீ பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாய். ஊர் எங்கே என்று தெரிந்துவிட்டால் நடப்பது சுலபம் என்றேன். எழுதினாய். காப்பிப் பழம் பறிப்பதற்குள் அந்த வார்த்தைக்குப் போய்ச் சேர வேண்டும், எட்டு மாதம், மாதத்துக்கு இருபத்தைந்து பக்கம் என்று கணக்குப் போட்டும் கொடுத்தேன்.

நீ அதோடு விட்டாயா? உன் தொழிலின் வழக்கத்தையும் அதில் சேர்த்தாய். மருந்துச் சீசாவில் வேளைக்கு இவ்வளவு என்று காட்டுவதற்கு, ஓரம் பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒன்றை ஒட்டுவாயே, அதேபோல ஒன்றை வெட்டி நோட்டின் முதுகில் ஒட்டினாய். எட்டுப் பல். மாதம் ஒரு வேளை. நான் மிகவும் மகிழ்ந்துபோனேன். வாழ்நாளில் எனக்கு வாய்த்த சிறந்த மாணவி தன் நாற்பத்தொன்பதாம் வயதில் வந்து வாய்த்தாள் என்று நினைத்தேன்.

கதை பூவாயியுடையது. பஞ்ச வருடத்தில் குப்பனூர் வழியாகத் தலைச்சுமையோடு மலையேறி வந்து, எஸ்டேட்டில் பழம் பறித்து, லைன் வீட்டில் குடித்தனம் போட்டவள். அவள் நடையையும் பேச்சையும் பாதி வாழ்க்கையையும் நீ நல்லம்மாவிடமிருந்து எடுத்திருந்தாய். இருமலுக்கு மிக்சர் வாங்க வந்து, நாலு வருடத்துக் கதையைச் சொல்லிவிட்டுப் போகிற நல்லம்மா. வாராவாரம் அவளைக் கேட்டுக் கேட்டு எழுதினாய் என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தாமதம் ஆகாதவரை.

நூற்று எண்பதாம் பக்கத்தில் பூவாயிக்கு முப்பத்துநாலு வயதுதான் ஆகியிருந்தது. அன்று மாலை நீ அடுப்படியில் நின்று கேட்டதை நான் மறக்கவில்லை.

"அண்ணி, இன்னொரு நோட்டு வாங்கிக்கட்டுங்களா?"

"முடிக்கத் தெரியாதவங்கதான் மரகதம் நோட்டு நோட்டா வாங்குவாங்க" என்றேன்.

இருபது பக்கத்துக்குள் ஒரு பெண்ணை எப்படி முடிப்பது? ஒரே வழிதான் இருக்கிறது. எல்லா எழுத்தாளர்களுக்கும் தெரிந்த வழி. நூற்றுத் தொண்ணூற்றொன்பதாம் பக்கத்தில் பூவாயிக்கு விஷக்காய்ச்சல் வந்தது. பதினோரு வரியில் செத்தாள். நீ ஒரு கம்பவுண்டர், மரகதம். ஒரு வேளை மருந்துகூடக் கொடுக்காமல் அவளைச் சாகவிட்டாய். பக்கத்தைப் புரட்டினால் 'முற்றும்' காத்துக்கொண்டிருந்தது.

அன்று நான் கேசரி கிண்டினேன். அதுவும் நினைவிருக்கிறது.

ஒரு பத்திரிகையின் நாவல் போட்டிக்கு அனுப்பினோம். ஆறுதல் பரிசு வந்தது. மறு வருடம் சேலத்தில் ஓர் அச்சகக்காரர் புத்தகமாகப் போட்டார். முடிவைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். தவிர்க்கவே முடியாத துயரம் என்றார் ஒருவர். உழைக்கும் பெண்ணின் விதியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது என்றார் இன்னொருவர். நோட்டுத் தீர்ந்துபோன விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் அந்தக் கட்டுரைகளைக் கத்தரித்து ஒட்டிவைத்தேன். நீ ஒன்றையும் படித்ததாக நினைவில்லை.

புத்தகத்தை டிஸ்பென்சரிக்கு எடுத்துக்கொண்டு போனாய். புதன்கிழமை கீழே இருந்து டாக்டர் வருகிற நாள். அவர் ஒரு புதனும் சொன்ன நேரத்துக்கு வந்தவரில்லை. காத்திருக்கிற பெண்களுக்கு வாசித்துக்காட்டினாய். நாலைந்து வாரத்தில் கடைசிப் பக்கம் வந்தது. அன்று இரவு தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, நல்லம்மா கேட்டதை என்னிடம் சொன்னாய்.

"ஏனுங்க மருந்தம்மா, நான் உசுரோடதானுங்களே நிக்கறேன். என்னைய எதுக்குங்க சாவடிச்சுப்போட்டீங்க?"

நான் சிரித்தேன். கதைக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் ஏன் வாசிக்கிறாய் என்றேன். படித்தவர்கள் பாராட்டியதை விட்டுவிட்டு, மிக்சருக்கு வந்தவள் சொன்னதைத் தூக்கிக்கொண்டு வருகிறாயே என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன். நீ மோரை ஊற்றிக்கொண்டாய். அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். எதையும் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு நல்ல பயிற்சி.

அடுத்த காப்பிப் பூப்பில் இரண்டாவது நாவலுக்கு நோட்டு வாங்கினேன். இந்த முறை நீ கடைசிப் பக்கத்தில் எழுதத் தயங்கினாய். கை வலிக்கிறது என்றாய். நானே சிவப்புப் பென்சிலை எடுத்துப் பெரிதாக 'முற்றும்' என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கடுத்த வருடமும். அதற்கடுத்த வருடமும். பதினோரு பூப்பு, பதினோரு நோட்டு. ஒவ்வொரு பழப் பறிப்பிலும் கேட்பேன்: எவ்வளவு ஆயிற்று? ஒவ்வொரு முறையும் ஒரே பதில்.

"இல்லீங்க அண்ணி. வரமாட்டேங்குது."

நான் விடவில்லை. இலக்கைச் சின்னதாக்கிப் பார்த்தேன்: நாளுக்கு ஒரு பக்கம். அரைப் பக்கம். ஐந்து வரி. விடிகாலையில் எழுந்து எழுது என்றேன். நாலு பேரிடம் சொல்லிவிட்டு எழுது, வெட்கத்துக்காவது முடிப்பாய் என்றேன். நானே நாலு பேரிடம் சொன்னேன். பிறகு, என் நாத்தனார் ஒரு புத்தகத்தோடு தீர்ந்துபோனவள், சோம்பேறி, என்று அதே நாலு பேரிடம் சொன்னேன். ஏரிக்கரையில் வைத்து, நீ பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன். நீ தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

போன ஐப்பசி மழையில், டிஸ்பென்சரிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எஸ்டேட் ஜீப் பாதி மலை இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை.

வாசகர் வட்டத்தில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். தலைவர் எழுந்து, இலக்கு வைத்து எட்டு மாதத்தில் நாவலை முடித்தவர் மரகதம் அம்மையார், அந்தக் கட்டுப்பாட்டை இளைஞர்கள் பின்பற்ற வேண்டும் என்று பேசினார். கடைசிப் பக்கத்தில் முதலில் 'முற்றும்' எழுதிய கதையையும் சொன்னார். நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். கை தட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கை தட்டுகிற ஊர் இது. நானும் முன்வரிசையில், அந்தக் கை தட்டலில் பாதி எனக்குரியது என்பதுபோல, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை நல்லம்மா வந்தாள். கையில் ஒரு காலி மருந்துச் சீசா. துக்கம் கேட்க வந்திருக்கிறாள் என்று நாற்காலி போட்டேன். அவள் உட்காரவில்லை.

"டீச்சரம்மா, நோட்டு உங்ககிட்ட இருக்குதுங்களா?"

எந்த நோட்டு என்றேன்.

"பூவாயி நோட்டுத்தானுங்க. பேரன் ஊட்டுக்குப் போறேன்னு பஸ்ஸுக்கு நிக்கறா. அதோட நிக்குது. பஸ்ஸு வந்துச்சா இல்லையான்னு தெரியாம எங்களுக்கு வேலையே ஓடலீங்க."

பூவாயிதான் செத்துவிட்டாளே என்றேன்.

நல்லம்மா என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. இந்த வயதில் என்னை அப்படிப் பார்க்கும் துணிவு வேறு யாருக்கும் வந்ததில்லை.

"அது புஸ்தவத்துலீங்க" என்றாள்.

அப்போதுதான் சீசாவைக் கவனித்தேன். உன் அளவுப் பட்டை அதில் ஒட்டியிருந்தது, ஆறு பல்லோடு. மருந்து தீர்ந்துவிட்டதால் பட்டையின் உள்பக்கம் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அங்கே சிவப்புப் பென்சிலில் பாதி எழுத்து ஒன்று. முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கை எழுதியது. என் எழுத்து எனக்குத் தெரியாதா? நான் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு நல்லம்மா தானாகவே சொன்னாள்.

"நோட்டுல கடைசித் தாளை மட்டும் மருந்தம்மா மொதல்லயே வெட்டிருவாங்க. அளவு ஒட்ட வாகா இருக்குதும்பாங்க. எங்க அண்ணி எழுதினது நாலு பேரு இருமலுக்காவது ஆவட்டும்னு நொம்பச் சிரிப்பாங்க."

நீ நொம்பச் சிரிப்பாயாம். பதினான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தேன். அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை.

இருவரும் டிஸ்பென்சரிக்குப் போனோம். சாவி எங்கே இருக்கும் என்பது நல்லம்மாவுக்குத் தெரிந்திருந்தது. பின்னறை அலமாரியில், வலித்தைலச் சீசாக்களுக்குப் பின்னால், பதினோரு நோட்டுகள். எல்லாம் நான் வாங்கித் தந்தவை. ஒன்றின் முதுகிலும் பல் வெட்டிய பட்டை இல்லை. ஒன்றிலும் கடைசித் தாள் இல்லை. கத்தரிக்கோல் போன இடம் நேராக இருந்தது. பத்து நிறைந்திருந்தன. பதினோராவது பாதி. முதல் நோட்டைத் திறந்தேன். முதல் வரி:

'பூவாயிக்குக் காய்ச்சல் விட்டது.'

அங்கேயே, மருந்து நெடியில், ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நல்லம்மா வெளியே போய் நின்றுகொண்டாள். அவளுக்கு அந்த மரியாதை தெரிந்திருந்தது.

பதினோரு நோட்டையும் படித்து முடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, மரகதம். பூவாயிக்குக் கண்ணாடி போடுகிறார்கள். முதல் முறையாகத் தன் கை ரேகையைப் பார்த்துவிட்டு இவ்வளவு அழுக்கா என்கிறாள். மருமகளோடு ஆறு மாதம் பேசாமல் இருக்கிறாள். ஆறு மாதமும் ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். வேலைக்கு வந்த புதிய பெண்ணுக்கு, பச்சைக் காயைக் கிள்ளாமல் பழத்தை மட்டும் பறிக்க விரலைப் பிடித்துக் காட்டுகிறாள். அறுபது வயதில் சைக்கிள் ஓட்டப் பழகி விழுகிறாள். இப்படியே போகிறது. இதைவிட நல்ல தமிழை நான் சமீபத்தில் படிக்கவில்லை. இதை உன்னிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல், அச்சில் சொல்கிறேன்.

நான்காம் நோட்டில் என்னையும் கண்டேன். பூவாயியின் மகள் வேலைக்குப் போகிற வீட்டில், பெரிய படிப்புப் படித்த ஓர் அம்மாள். 'சாயந்திரம் விளக்கு வைத்ததும் அன்றைய காலண்டர் தாளைக் கிழித்துவிடுவாள். மீதி நாளுக்குத் தேதி இல்லாமல் அந்த வீடு தவிக்கும்.' படித்ததும் கோபத்தோடு எழுந்து சமையலறைக்குப் போனேன். மணி ஐந்தரை. காலண்டரில் நாளைய தேதி இருந்தது.

இப்போது நீ எனக்குப் பதில் சொல்ல வேண்டும். பதினோரு வருடம் என்னோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுவிட்டு, 'வரமாட்டேங்குது' என்று எப்படிச் சொன்னாய்? லைன் வீடு முழுவதற்கும் தெரிந்திருக்கிறது. டாக்டருக்கும் தெரிந்திருக்கிறது, வேண்டுமென்றே அரை மணி பிந்தி வந்திருக்கிறார் என்கிறாள் நல்லம்மா. பஸ் கண்டக்டர்கூடப் 'பூவாயிக்கு இப்ப எப்படி இருக்குதுங்க' என்று கேட்பாராம். உன் தமிழைத் திருத்தக் கூடிய ஒரே ஆளுக்கு மட்டும் தெரியவில்லை. ஒரு முறை, ஒரே ஒரு முறை, அந்த நோட்டை என் முகத்தில் விட்டெறிந்து, உங்கள் முற்றும் எனக்கு வேண்டாம் என்று கத்தியிருக்கலாகாதா?

என்னிடம் பயந்தாயா, என்மேல் இரக்கப்பட்டாயா, அல்லது இவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தள்ளிவைத்தாயா? மூன்றில் எது என்று சொல்லாமல் போய்விட்டாய். பயம் என்றால் என்னை நானே மன்னித்துக்கொள்ள மாட்டேன். தள்ளிவைத்தாய் என்றால் உன்னை மதிப்பேன். இரக்கம் என்றால் மட்டும், மரகதம், உன்னை நான் மன்னிக்கவே மாட்டேன்.

இத்தனையும் தெரிந்த பிறகு நான் திருந்தியிருப்பேன் என்று நினைக்கிறாயா?

அச்சகக்காரருக்கு எழுதினேன். அவர் அடுத்த பஸ்ஸில் மேலே வந்தார். எல்லாவற்றையும் சுருக்கி ஒரே பாகமாகப் போடலாம், கடைசி அத்தியாயம் மட்டும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பொங்கலுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்றார். சரி என்றேன். நாளுக்கு ஒரு பக்கம், பன்னிரண்டு நாள் என்று திட்டம் போட்டேன். பன்னிரண்டாம் நாள் முடித்தேன், முடிக்காமல் இருப்பேனா? பஸ் வந்தது. பூவாயி ஏறினாள். பேரன் வீட்டு வாசலில் இறங்கினாள். திரும்பி மலையைப் பார்த்தாள். கண் நிறைந்தது. முற்றும். தமிழ் குற்றமில்லாமல் இருந்தது.

ஒரு புதன்கிழமை அதை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். உன் இடத்தில் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். பெண்கள் தூக்குப் போசியோடும் பிள்ளைகளோடும் நெருக்கி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்கள். பன்னிரண்டு பக்கத்தையும் வகுப்பில் வாசிப்பதுபோல் தெளிவாக வாசித்தேன். முடித்துத் தாள்களை அடுக்கினேன். ஒரு குழந்தை இருமியது. கடைசியில் நல்லம்மாதான் வாயைத் திறந்தாள், என் மனம் நோகக் கூடாது என்ற கவனத்தோடு.

"நல்லாத்தானுங்க இருக்குது டீச்சரம்மா. ஆனா டாக்டரு இன்னும் வரலீங்களே. அதுக்குள்ள எதுக்குங்க முடிக்கறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முப்பது வருடம் மூன்று மணி நேரக் கேள்வித்தாள் தயாரித்தவளிடம் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எதற்கு முடிக்கிறேன்? இன்னும் நேரம் இருக்கும்போது எதற்கு முடிக்கிறேன்? மூலையில் இருந்த ஒரு சின்னப் பெண், கல்யாணமாகிப் போன தையில் வந்தவளாம், தனக்கு ஆரம்பமே தெரியாது என்றாள். அப்படியென்றால் டீச்சரம்மா முதல் நோட்டிலிருந்து படிக்கட்டும், கேட்காதவர்கள் நொம்பப் பேர் இருக்கிறார்கள் என்றாள் நல்லம்மா. என்னைக் கேட்காமலே தீர்மானமாகிவிட்டது.

அந்தப் பன்னிரண்டு பக்கங்கள் அளவுப் பட்டைக்காவது ஆகுமா என்று புதிய கம்பவுண்டரிடம் கேட்டேன். இப்போது சீசா மூடியிலேயே அளவு வந்துவிடுகிறதாம். ஆகவே வெந்நீர் அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது.

அச்சகக்காரருக்குப் பதில் எழுதிவிட்டேன். பொங்கலுக்கு ஒன்றும் கிடையாது. பழைய நாவலின் மறுபதிப்பில் கடைசிப் பதினோரு வரியும் அதற்கடுத்த ஒற்றைச் சொல்லும் இருக்கக் கூடாது. முடிவில்லாத புத்தகத்தை எப்படி விற்பது என்று கேட்டு எழுதியிருக்கிறார். அது அவர் கவலை. பக்கம் தீர்ந்தால் பக்கத்தோடு நிறுத்துங்கள், ஆளைத் தீர்க்க வேண்டாம் என்று எழுதினேன். இதைப் பதின்மூன்று வருடத்துக்கு முன் அடுப்படியில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் கேசரிக்கு முந்திரி உடைத்தேன்.

இப்போது புதன்தோறும் போகிறேன். மஞ்சக்குட்டை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டு வைத்திருக்கிறார்கள். வாரம் நாலு பக்கம் ஆகிறது. என் புத்தி போகும் போக்கைக் கேள்: முதல் நாளே கணக்குப் போட்டுவிட்டேன். பத்தரை நோட்டு, வாரம் நாலு பக்கம், பத்து வருடத்துக்கு மேல். எனக்கு எழுபத்து மூன்று வயதாகிறது. போட்ட கணக்கை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்; யாரிடமும் சொல்லவில்லை.

ஆகவே என் வாக்கு இது. முடிப்பேன் என்று சொல்ல மாட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக கொடுப்பதற்கு அந்தச் சொல் என்னிடம் இல்லை. கால் நடக்கிறவரை, கண் தெரிகிறவரை, புதன்கிழமை வருவேன். உன் எழுத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். ஒருவேளை பதினோராவது நோட்டு வரைக்கும் நான் போய்ச் சேர்ந்தால், 'பூவாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்சாலையின் வளைவைப் பார்த்தபடி' என்று நீ விட்ட இடத்தில் நானும் விடுவேன். பஸ் வந்ததா என்று கேட்பார்கள். தெரியாது என்பேன். அதைச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இந்தப் புதன் பூவாயிக்குக் கண்ணாடி வருகிறது. டாக்டர் சீக்கிரம் வந்துவிட்டால் வராது.

இன்றைய தாளை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிற
உன் அண்ணி,
சௌந்தரம்